திரும்பி வரும் வயர்

என் அக்கா ஒலிக் கன்சோலுக்கு முன்னால்தான் உட்கார்ந்திருப்பாள். காதில் ஹெட்போன், கை சத்தத்தை ஏற்றி இறக்குகிற ஃபேடர்மேல், எதிரே வரிசை வரிசையாக விளக்குகள். அரங்கத்துக்குள் வருகிற மனுஷன் நேராக அவளிடமே வந்து நின்று கேட்பான்: "சவுண்டு இன்ஜினியர் எங்கம்மா?"

அக்கா ஹெட்போனைக் கழற்றாமலே, "சொல்லுங்க, நான்தான்" என்பாள். அவன் அதை நம்பாமல், அவள் தலைக்குப் பின்னால் யாராவது ஆம்பளை ஒளிந்திருக்கிறானா என்று எட்டிப் பார்ப்பான். அந்த எட்டிப் பார்க்கிற கழுத்தைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அவளுக்கு வராது. "கேட்டுட்டுப் போறான், விடுடி" என்பாள். எங்கள் வீட்டில் கோபத்தைப் பங்கு போட்டபோது அவள் பங்கையும் சேர்த்து நானே வாங்கிக்கொண்டுவிட்டேன் போலிருக்கிறது. அதனால் இதைக் கோபமாகத்தான் சொல்வேன். ஆற அமரக் கேட்க வேண்டும் என்பவர்கள் வேறு யாரிடமாவது கேட்டுக்கொள்ளலாம்.

அவளுக்கு இந்தத் தொழிலை யாரும் உட்கார வைத்துச் சொல்லிக்கொடுக்கவில்லை. மைக், ஸ்பீக்கர் எல்லாம் வாடகைக்கு விடும் ஒரு கம்பெனியில் போன் எடுக்கிற வேலைக்குத்தான் முதலில் போனாள். வாடகைக்கு எடுத்தவர்கள் நிகழ்ச்சிக்கு நடுவில் கூப்பிட்டுக் கத்துவார்கள். "சத்தமே வரல, என்ன சாமான் குடுத்தீங்க?" சாமானைக் கொடுத்தவர்கள் வேறு எங்காவது வேலையாக இருப்பார்கள். வாங்கிக் கட்டிக்கொள்வது போன் எடுத்தவள். ஒருநாள் பொறுக்க முடியாமல் அவளே திருப்பிக் கேட்டாள். "சரிங்க, கத்தாம சொல்லுங்க. மைக்ல பேசுனா பச்சை விளக்கு ஆடுதா? ஆடுதுல்ல, அப்ப மைக் நல்லாருக்கு. அந்த வயர் அடுத்து எங்க போகுது?" இப்படி ஒவ்வொரு வயராகக் கேட்டுக் கேட்டு, கண்ணால் பார்க்காத மேடைகளை எல்லாம் போனிலேயே சரிசெய்துவிட்டாள். கம்பெனியில் கன்சோலுக்குப் போகிற ஆள் ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட்டான். முதலாளி தலையில் அடித்துக்கொண்டே இவளை அனுப்பினார். அதற்கப்புறம் அந்தப் போனை எடுக்க வேறு ஆள் தேட வேண்டியதாகிவிட்டது.

"சத்தம் எங்கயும் தொலையாதுடி" என்பாள் என்னிடம். "எங்கயோ போயிட்டு, திரும்பி வர வழி தெரியாம நிக்கும். வழியத் தேடணும், அவ்வளவுதான்."

பிறகு ஒரு பெரிய அரங்கத்தில் நிரந்தர வேலை கிடைத்தது. நல்ல அரங்கம். மேடைக்குப் பின்னால் நான்கு உடைமாற்றும் அறைகள், நடுவில் கண்ணாடி போட்ட ஒலி அறை, புது டிஜிட்டல் கன்சோல். கெட்டது என்று பார்த்தால் இரண்டே பேர். ஒருவர் மேனேஜர். யாராவது கையில் மைக்கைக் கொடுத்துவிட்டால் பிடுங்கித்தான் வாங்க வேண்டும், அப்படி ஒரு பேச்சு ஆசை. இன்னொருவன் அவருடைய மனைவியின் தம்பி. ஒலி உதவியாளர் என்று சட்டைப்பையில் அட்டை தொங்கும். வேலை என்னவென்று அட்டைக்கும் தெரியாது, அவனுக்கும் தெரியாது. மேனேஜர் அவனை "மச்சினன், மச்சினன்" என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு, காவலாளி முதல் கூட்டிப் பெருக்குகிற அம்மா வரை எல்லோருக்கும் அவன் மச்சினன் ஆகிவிட்டான். உட்கார்ந்த இடத்தில் தூங்குவான். எழுந்தால் எதையாவது பிடுங்கி வேறு எங்காவது மாட்டுவான். தூங்கும்போது அவனால் நன்மைதான்.

நான் பாடகி. ஒரு இசைக்குழுவில் பாடிக்கொண்டிருந்தேன். பாடிக்கொண்டிருந்தேன் என்று ஏன் சொல்கிறேன் என்றால், கழுத்தில் ஒரு கட்டி வந்தது. எடுத்துவிட்டார்கள். பயப்படுகிற கட்டி இல்லை என்றும் சொன்னார்கள். ஆனால் எடுக்கும்போது குரலுக்குப் போகிற நரம்பு லேசாக அடிபட்டுவிட்டது. "போகப் போகச் சரியாகும்" என்றார் டாக்டர். எவ்வளவு தூரம் போக வேண்டும் என்று அவர் சொல்லவில்லை. ஒரு வருஷத்துக்கு மேல் போய்ப் பார்த்துவிட்டேன். மெல்லப் பாடினால் குரல் பாதியில் அமுங்கிவிடும். கொஞ்சம் உயர்த்தினால் திடீரென்று கிழிந்துகொண்டு வரும். குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு பாடிப் பார்த்துவிட்டு, சிவந்த கண்ணோடு வெளியே வந்து, அம்மா கேட்டால் சோப்பு பட்டுவிட்டது என்பேன். அம்மாவும் சோப்பை மாற்றிப் பார்த்தாள், பாவம்.

எங்கள் குழுவை நடத்துகிறவர் டிரம்ஸ் அண்ணன். கெட்டவர் இல்லை. ஆனால் சுற்றி வளைக்காமல் முகத்தில் அறைந்தாற்போல் பேசுவார். வீட்டுக்கே வந்து சொன்னார்: "ஒரே ஒரு கச்சேரி பாடிப் பாரும்மா. முதல் பாட்டு, எந்த வாத்தியமும் இல்லாம உன் குரல்ல தனியா ஆரம்பிக்கும். அது நின்னா நீதான் பாடகி. நிக்கலன்னா என்னைத் தப்பா நினைக்காத, வேற பொண்ணு பார்த்து வச்சிருக்கேன்." தப்பாகத்தான் நினைத்தேன். அவர் போன பிறகு அவர் குடித்த டம்ளரை விளக்கிய விளக்கில் அது பளபளவென்று ஆகிவிட்டது. ஆனால் அவர் சொன்னது நியாயம் என்பதும் தெரிந்தது. நியாயமாக இருந்ததால்தான் இன்னும் கோபம் வந்தது. கச்சேரி அக்கா வேலை பார்க்கிற அரங்கத்தில்தான் என்று முடிவானது.

அக்கா அன்றைக்கே பரணிலிருந்து ஒரு பெட்டியை இறக்கினாள். பழைய வாடகைக் கம்பெனி மூடியபோது அவள் கேட்டு வாங்கி வந்த கம்ப்ரஸர். ஃபிரிட்ஜில் இருப்பது இல்லை, இது குரலுக்கு. குரல் தாழ்ந்தால் கை கொடுத்துத் தூக்கும், எகிறினால் தோளைத் தட்டி உட்கார வைக்கும். முன்பக்கம் ஆடுகிற முள், கறுத்துப்போன குமிழ்கள், தூக்கினால் இடுப்பு பிடித்துக்கொள்ளும் கனம். ஒரு வாரம் அதைப் பிரித்து வைத்துக்கொண்டு சாப்பாட்டு மேஜையை ஒருவருக்கும் விடவில்லை.

கச்சேரி அன்று மதியமே அதை அரங்கத்துக்குக் கொண்டுபோய்க் கன்சோலுக்குப் பக்கத்தில் வைத்தாள். மேனேஜர் மூக்கை நுழைத்தார்.

"எதுக்கும்மா இந்தப் பழைய இரும்பு? இந்தக் கன்சோலுக்குள்ளயே எல்லாம் இருக்கே."

"இருக்கு சார். உள்ள இருக்கறது இவ குரலை ரொம்ப இறுக்குது. இது மெல்லப் பிடிக்கும்."

"வெளியாள் சாமான் வெச்சா நான்ல பதில் சொல்லணும்."

"நான் என்ன வெளியாளா?" என்றாள் அக்கா, தலை நிமிராமல். அவர் உதட்டைப் பிதுக்கிக்கொண்டு போனார்.

அவள் செய்த வேலையின் பெயர் இன்செர்ட். நான் பக்கத்தில் நின்று பார்த்ததைச் சொல்கிறேன், பெரிய வித்தை ஒன்றுமில்லை. மைக்கில் நான் பாடினால் குரல் கன்சோலுக்குள் போகும். நேராக ஸ்பீக்கருக்குப் போகாமல், நடுவழியில் அதை ஒரு வயர் வழியாக வெளியே அந்தப் பெட்டிக்கு அனுப்பி, இன்னொரு வயர் வழியாக விட்ட இடத்துக்கே திரும்ப வரவழைக்க வேண்டும். பிள்ளையைத் தெருமுனைக் கடைக்கு அனுப்பிவிட்டு, வந்த பிறகு சமையலைத் தொடர்கிற மாதிரி. அக்கா திரையில் என் குரலுக்கான பக்கத்தைத் திறந்தாள். போகிற வழிக்கு ஒரு அவுட்புட்டைத் தேர்ந்தெடுத்தாள். வருகிற வழிக்குக் கன்சோலின் பின்பலகையில் கடைசி இன்புட்டை ஒதுக்கினாள். குரலில் செய்கிற மற்றத் திருத்தங்களுக்குப் பிறகு, ஃபேடருக்கு முன்னால், என்று இடம் குறித்தாள். ஒரு சீரான விசில் சத்தத்தை அனுப்பி, போன அளவே திரும்பி வருகிறதா என்று முள்ளையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தாள். கடைசியில் இன்செர்ட் என்ற பட்டனைத் தொட்டாள். பட்டன் எரிந்தது.

"இப்பப் பாடு."

பாடினேன். என் காதுக்குள் மாட்டியிருந்த மானிட்டரில் என் குரல் வந்தது. அமுங்குகிற இடத்தில் யாரோ கீழே கை வைத்துத் தாங்கினார்கள். கிழிகிற இடம் கிழியாமல் கொஞ்சம் கரகரத்ததோடு நின்றது. பழைய குரல் என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் வெட்கப்படாமல் நாலு பேர் முன்னால் வைக்கக்கூடிய குரல். ஒலி அறைக் கண்ணாடி வழியாக அக்காவைப் பார்த்தேன். அவள் கட்டை விரலைக்கூட உயர்த்தவில்லை, கறுப்பு டேப்பைப் பல்லால் கடித்துக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் அப்படியே கன்சோலின் நினைவில் பதிந்து வைத்தாள். மேடையிலிருந்து கன்சோலுக்கு வந்த வயர் ஒவ்வொன்றின் கழுத்திலும் வெள்ளை டேப் ஒட்டி, கீபோர்டு, கிட்டார், டிரம்ஸ் என்று எழுதினாள். பெட்டியின் இரண்டு வயருக்கும் எழுதவில்லை. வீட்டு வயர்தானே, யாருக்கு அது தெரிய வேண்டும் என்று விட்டுவிட்டாள்.

சாயங்காலம் கூட்டம் உள்ளே வந்துகொண்டிருந்தபோது உடைமாற்றும் அறையில் என்னால் தனியாக இருக்க முடியவில்லை. அக்காவைக் கூப்பிடச் சொன்னேன். அவள் வந்து என் எதிரில் உட்கார்ந்து வெந்நீரை ஊதி ஊதிக் கொடுத்தாள். அவள் கன்சோலை விட்டு எழுந்த நேரம் அவ்வளவுதான். அந்த நேரம் பார்த்துத்தான் நம் மச்சினன் தூக்கத்திலிருந்து எழுந்தான்.

மேனேஜருக்குத் திடீரென்று ஓர் ஆசை வந்திருக்கிறது. அரங்கத்துக்குப் புது நாற்காலி போட்டதைப் பற்றித் தன் லேப்டாப்பில் ஒரு வீடியோ வைத்திருந்தார். கச்சேரிக்கு முன்னால் அதைப் போட வேண்டுமாம். நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறவனுக்கு நாற்காலியை வீடியோவில் காட்டுகிற மனுஷனை என்னவென்று சொல்ல? லேப்டாப்பின் சத்தத்தைக் கன்சோலுக்குக் கொண்டுவர மச்சினனுக்கு ஓர் ஓட்டை வேண்டும். பின்பலகையைப் பார்த்திருக்கிறான். மற்ற இன்புட் வயர் எல்லாவற்றிலும் பெயர் இருந்தது. கடைசி இன்புட்டில் இருந்த வயரில் மட்டும் பெயர் இல்லை. பெயர் இல்லாததை அநாதை என்று முடிவுகட்டிப் பிடுங்கிக் கீழே போட்டுவிட்டு, அந்த இடத்தில் லேப்டாப்பை மாட்டி, கடைசி ஃபேடரை ஏற்றியிருக்கிறான். சத்தம் வந்துவிட்டது. அதற்கு மேல் அவனுக்கு என்ன கவலை.

அக்கா திரும்பி வந்தபோது வீடியோ ஓடிக்கொண்டிருந்தது.

"லேப்டாப்ப எங்க மாட்டுன?" என்று கேட்டிருக்கிறாள்.

"பின்னாடி ஒரு இடம் சும்மா இருந்துச்சுக்கா. வேலை செய்யுது, பாருங்க."

குனிந்து பின்பலகையைப் பார்ப்பதற்குள் விளக்கு அணைந்துவிட்டது. வீடியோவும் முடிந்தது. நான் மேடைக்கு நடந்து வந்துகொண்டிருந்தேன்.

வெளிச்சம் என்மேல் மட்டும் விழுந்தது. ஓரத்துத் திரைக்குப் பின்னால் அந்தப் புதுப் பெண் ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். அவள்மேல் எனக்குக் கோபமில்லை, அதிசயம்தான். டிரம்ஸ் அண்ணன் குச்சிகளை மடியில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். நான் மூச்சை இழுத்துப் பாட ஆரம்பித்தேன்.

ஒன்றும் வரவில்லை.

காது இரண்டையும் மானிட்டர் அடைத்திருந்தது. அதில் வர வேண்டிய என் குரல் இல்லை. தலைக்குள் ஏதோ மந்தமாக முனகியது, அவ்வளவுதான். மறுபடி வாயைத் திறந்தேன். தொண்டை அசைந்தது, நெஞ்சு அதிர்ந்தது, சத்தம் இல்லை. மைக்கில் கோளாறு, வயரில் கோளாறு என்றெல்லாம் எனக்குத் தோன்றவே இல்லை. சவுண்டு இன்ஜினியரின் தங்கச்சிக்கு அது தோன்றவில்லை. ஒரு வருஷமாக எதற்குப் பயந்தேனோ அது வந்துவிட்டது என்றே நினைத்தேன். இத்தனை பேர் பார்த்துக்கொண்டிருக்க என் குரல் செத்துவிட்டது என்று நினைத்தேன். அந்தச் சில நொடிகளை எனக்குக் கொடுத்த யாரையும் நான் மன்னிக்கப் போவதில்லை. இதை எழுதும்போதும் பல்லைக் கடித்துக்கொண்டுதான் எழுதுகிறேன்.

ஒலி அறையில் அக்கா பார்த்தது வேறு. என் மைக்கின் பச்சை விளக்கு துள்ளுகிறது. ஃபேடர் மேலே இருக்கிறது. இன்செர்ட் பட்டன் மதியம் எரிந்த மாதிரியே எரிகிறது. திரையில் ஒரு தப்பும் இல்லை. குரல் உள்ளே வருகிறது, வெளியே போகவில்லை.

அதற்குள் மேனேஜர் மேடை ஓரத்தில் வரவேற்புரைக்கு வைத்திருந்த மைக்கை எடுத்துவிட்டார். அந்த மைக் வேலை செய்தது. வேலை செய்யாமல் இருக்குமா.

"அன்பான ரசிகர்களே, ஒரு சின்னத் தடங்கல். நம்ம பாடகிக்குக் கொஞ்ச நாள் முன்னாடி கழுத்துல ஆபரேஷன் நடந்துச்சு. குரல் இன்னும் முழுசாத் திரும்பல. ஆனாலும் தைரியமா மேடை ஏறியிருக்காங்க. அவங்களுக்கு ஒரு கைத்தட்டு குடுப்போம்."

கை தட்டினார்கள். நல்ல மனசோடுதான் தட்டினார்கள். உள்ளங்கால் முதல் உச்சந்தலை வரை எனக்கு எரிந்தது. அக்கா லீவு கேட்கப்போய் அவருக்குத் தெரிந்தது, நான் வெளியில் யாரிடமும் சொல்லாதது, கழுத்துத் தழும்பை மறைக்க மணி மணியாகக் கோத்த மாலையைப் போட்டுக்கொண்டு வந்தது, எல்லாவற்றையும் இந்த மனுஷன் எடுத்து ஊருக்கே பரிமாறிவிட்டார். அதோடு நிறுத்தினாரா?

"அவங்க ஓய்வு எடுக்கட்டும். அவங்களுக்குப் பதிலா இன்னொரு பாடகி தயாரா..."

அப்போதுதான் ஸ்பீக்கர்கள் அத்தனையிலும், என் காதுக்குள்ளும், ஒரு சத்தம் வந்தது.

டிங்.

மேனேஜரின் லேப்டாப்புக்கு ஏதோ மெயில் வந்திருக்கிறது. கூட்டம் சிரித்தது. அக்கா சிரிக்கவில்லை. லேப்டாப்பின் ஃபேடரை வீடியோ முடிந்ததுமே அவள் கீழே இறக்கியிருந்தாள். அப்படியானால் அந்த டிங் எந்த வழியாக வந்தது? என் குரல் வெளியே போகிற பக்கத்து விளக்கைப் பார்த்தாள். டிங் வந்தபோது துள்ளியது அதுதான். கடைக்கு அனுப்பிய பிள்ளை திரும்பவில்லை, அது வருகிற வாசலில் வேறு எவனோ வந்து நின்று குரல் கொடுக்கிறான், கன்சோல் அவனையே பிள்ளை என்று ஏற்றுக்கொண்டிருக்கிறது. பெட்டியில் முள் ஆடிக்கொண்டிருந்தது. என் குரல் அங்கே வரை ஒழுங்காகப் போய்விட்டு, திரும்பி வர வயர் இல்லாமல் நின்றுகொண்டிருந்தது.

முதலில் அவள் இன்செர்ட்டைத் தொடவில்லை. முதலில் மேனேஜரின் மைக்கை அணைத்தாள்.

நான் மேடையிலிருந்து பார்த்தேன். அவர் வாய் அசைந்தது, கை அசைந்தது, ஒரு சொல்லும் வெளியே வரவில்லை. மைக்கைத் தட்டிப் பார்த்தார். ஊதிப் பார்த்தார். உடனே என் காதுக்குள் அக்காவின் குரல். ஒலி அறையிலிருந்து எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி பேசினாள்.

"உன் தொண்டைக்கு ஒண்ணும் ஆகலடி. வயர்தான். அந்த வீணாப்போனவன் புடுங்கிட்டான். இப்ப இன்செர்ட்ட எடுத்துடறேன். பெட்டி இருக்காது, உன் குரல் மட்டும்தான் வரும். நீ பாட்டுக்குப் பாடு, நான் பிடிச்சுக்கறேன்."

வாழ்க்கையில் முதல் தடவையாக அவள் குரலில் நடுக்கம் கேட்டேன். பயத்தினால் இல்லை. கோபத்தில் அப்படி நடுங்கும் என்று என்னைவிட யாருக்குத் தெரியும்.

பாடினேன். பயந்துகொண்டு பாடவில்லை, அந்த மேனேஜரின் மூஞ்சியைப் பார்த்துக்கொண்டே பாடினேன். காதுக்குள் என் குரல் உள்ளது உள்ளபடி வந்தது. அமுங்கிய இடம் அமுங்கியது, கிழிந்த இடம் கிழிந்தது, ஒரு ஓட்டையும் மறைக்கவில்லை. கேட்கிறவர்களுக்கும் இப்படித்தான் கேட்கும் என்று நினைத்தேன். கேட்கட்டும். அனுதாபத்துக்குக் கை தட்டினீர்களே, இதற்கும் தட்டுங்கள் பார்க்கலாம் என்று நினைத்தேன். முதல் பாட்டு முடிந்தது. நான் எதிர்பார்த்த மாதிரி யாரும் உச்சுக் கொட்டவில்லை. தட்டினார்கள். இந்தத் தடவை வேறு மாதிரி தட்டினார்கள். டிரம்ஸ் அண்ணன் குச்சிகளை மடியிலிருந்து எடுத்தார். புதுப் பெண்ணும் தட்டிக்கொண்டிருந்தாள்.

கச்சேரி முடிந்ததும் மேனேஜர் ஒலி அறைக்குப் பாய்ந்து வந்தார். நானும் பின்னாலேயே ஓடினேன், விடுவேனா.

"யார் என் மைக்க ஆஃப் பண்ணது?"

"நான்தான்" என்றாள் அக்கா. வலது கையை இடது கையால் பிசைந்துகொண்டிருந்தாள்.

"அத்தனை பேர் முன்னாடி என்னை ஊமையாக்கிட்டியே."

"அவளும் அத்தனை பேர் முன்னாடிதான் நின்னா சார். மைக்க எடுத்துப் பேசறதுக்கு முன்னாடி, என்ன கோளாறுன்னு என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

"எனக்கு என்னம்மா தெரியும்? நல்லதுக்குத்தான் சொன்னேன்."

"தெரியாதுன்னா தெரியாதுன்னு சொல்லணும். இன்னொருத்தி கழுத்த எடுத்துச் சபையில வைக்கக்கூடாது." நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரிக் கேட்டாள், ஆனால் சத்தத்தை ஏற்றவில்லை. "லேப்டாப் மாட்டுன பிறகு நான் குனிஞ்சு பார்த்திருக்கணும், பார்க்கல. அது என் தப்பு. அதுக்கு என்ன திட்டணுமோ திட்டுங்க, கேட்டுக்கறேன்."

மச்சினன் வாசலில் நின்று தலையைச் சொறிந்தான். "அதுல பேரு எழுதலையேக்கா. காலியான இடம்னு நினைச்சேன்."

"காலியா இல்ல, நீங்கதான் காலி பண்ணீங்க" என்றேன் நான். இன்னும் நிறையச் சொன்னேன். அச்சில் போட முடியாது.

"நாளைலேர்ந்து நீ வர வேணாம்" என்று மேனேஜர் எகிறினார்.

"வருவேன். நாளைக்கு இங்க நாடகம் இருக்கு. வயர் எது எங்க போகுதுன்னு உங்க மச்சினனக் கேட்டுச் சொல்லுங்க, அவனுக்குத் தெரிஞ்சா நான் வரல."

மேனேஜர் மச்சினனைப் பார்த்தார். மச்சினன் தரையைப் பார்த்தான். பிறகு மேனேஜர் தன் லேப்டாப்பை மட்டும் எடுத்துக்கொண்டு போனார். மன்னிப்பு என்ற சொல் இன்று வரை அவர் வாயில் வரவில்லை. நானும் மறக்கவில்லை.

பின்வாசலில் சாமான் ஏற்றுகிற மேடையில் டிரம்ஸ் அண்ணன் என்னிடம் வந்தார். "அடுத்த நிகழ்ச்சிக்கு ஒத்திகை இருக்கு, நேரத்துக்கு வந்துரு" என்றார். பாராட்டு அவ்வளவுதான். "கிழிஞ்சுதான் வந்துச்சு, தெரியுமா?" என்று வெடித்தேன். அவர் புரியாமல் பார்த்தார். "எங்க கிழிஞ்சுது? நல்லாத்தானே நின்னுச்சு" என்றார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. காது மானிட்டருக்குப் போனது ஃபேடருக்கு முன்னால் எடுத்த குரல். அரங்கத்துக்குப் போனது ஃபேடரைத் தாண்டிய குரல். அந்த ஃபேடரில் என் அக்காவின் விரல் இருந்தது. அமுங்கப்போகிற இடத்தில் முன்னாலேயே தள்ளி, கிழியப்போகிற இடத்தில் முன்னாலேயே இழுத்து, பின்னால் குனிந்து வயரை மாட்டக்கூட எழுந்திருக்காமல், கச்சேரி முழுக்க அந்தப் பெட்டி செய்ய வேண்டிய வேலையை ஒற்றை விரலால் செய்திருக்கிறாள்.

வயர் பெட்டிமேல் அவள் உட்கார்ந்திருந்தாள். அந்த விரல் மடங்க மாட்டேன் என்று விறைத்துக்கொண்டு நின்றது. பக்கத்தில் உட்கார்ந்து அதைப் பிடித்து நீவிவிட்டேன்.

"குரல் விழுந்த பிறகு தள்ளினா லேட்டாகிடுமே. விழப்போகுதுன்னு உனக்கு எப்படித் தெரிஞ்சது?"

"குளிக்கற ரூம் கதவு என்ன அவ்வளவு கெட்டியா?" என்றாள். "ஒரு வருஷமா வெளியில நின்னு கேட்டுட்டுத்தானேடி இருந்தேன். எந்த இடத்துல மூச்சு முட்டுது, எங்க உடையுது, எல்லாம் மனப்பாடம்."

எனக்கு அதற்கும் கோபம்தான் வந்தது. ஒரு வருஷமாக அந்தப் பயத்தை நான் ஒருத்தியே சுமந்துகொண்டிருக்கிறேன் என்று நினைத்திருந்தேன். இவள் கதவுக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு ஒரு வார்த்தை சொல்லவில்லை. "சொல்லியிருந்தா என்னவாம்?" என்று கத்தினேன். "சொன்னா நீ பாடறத நிறுத்திருப்ப" என்றாள். நான் அவள் தோளில் ஒரு அடி போட்டுவிட்டு அங்கேயே அழுதேன். சோப்பு இல்லை என்று அவளுக்கும் தெரியும்.

அடுத்த நிகழ்ச்சிக்குப் பெட்டி வேண்டாமா என்று கேட்டவர்கள் உண்டு. அது இல்லாமலே பாடினாயே, எவ்வளவு தைரியம் என்று மெச்சிக்கொண்டார்கள். பாடியது நான், விரல் போனது யாருக்கு? பெட்டி கட்டாயம் வேண்டும் என்றேன். அக்கா மறுபடி அதைத் தூக்கிக்கொண்டு வந்து வைத்தாள். வெளியே போகிற வயரை மாட்டினாள், திரும்பி வருகிற வயரை மாட்டினாள், விசில் அனுப்பிப் பார்த்தாள், பட்டனைத் தொட்டாள். பிறகு சிவப்பு டேப்பைப் பல்லால் கடித்துக் கிழித்து, திரும்பி வருகிற வயரின் கழுத்தில் சுற்றி, தடித்த பேனாவால் எழுதினாள். என்ன எழுதினாள் என்று குனிந்து பார்த்தேன்.

'தங்கச்சி' என்று இருந்தது.

"இப்பத்தான் எழுதத் தோணுச்சாக்கும்" என்றேன். அவள் ஹெட்போனை மாட்டிக்கொண்டாள். அந்த டேப் இப்போதும் அங்கேதான் இருக்கிறது. மச்சினன் பின்பலகைப் பக்கம் வரும்போதெல்லாம் அதை ஒருமுறை படித்துவிட்டுத் தள்ளி நடக்கிறான்.